நீலக் காகிதக் கண்மாய்

என் பெயர் பத்திரகாளி. யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் ஒச்சப்பன் சொல்வார். சிவகாசியில் ஒரு அச்சாபீசில் காகிதம் வெட்டும் வேலை அவருக்கு. ஆமத்தூரில் எங்கள் வீட்டில் நானும் என் ஓரகத்தி வெள்ளைத்தாயும் ஒரு கம்பெனிக்குத் தீப்பெட்டி ஒட்டிக் கொடுத்தோம். மெல்லிய மரச்சில்லை மடித்து, பசை தடவி, நீலக் காகிதத்தைச் சுற்றினால் அடிப்பெட்டி. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அதே பெட்டி, அதே நீலம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஊர்க் கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்தது. உள்ளே ஆடு மேய்ந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. வானத்தைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஒச்சப்பன் அச்சாபீசிலிருந்து கொண்டுவந்த தீப்பெட்டி லேபிள் வெட்டுத்துண்டுகளை எடுத்து, ஒரு பழைய காலண்டர் அட்டையில் நானே கண்மாய் செய்ய உட்கார்ந்தேன்.

எங்கள் ஊரின் நிறமெல்லாம் அந்தக் குப்பையில் இருந்தது. மை கூடிப்போய்க் கழித்த கறுப்புத் தாள் கரிசல் காடு ஆனது. ஒரு லேபிளில் இருந்த கிளியின் இறக்கையைப் பொடியாக நறுக்கிக் கரையோரம் வேலமரம் வைத்தேன். இன்னொன்றில் இருந்த சிங்கத்தின் பிடரியைக் கிழித்துப் பனைமரத்துக்குக் கொடுத்தேன். அச்சு விழாத வெள்ளை ஓரங்களில் நாலு கொக்கு கிடைத்தது. தண்ணீருக்கு மட்டும் துண்டு போதவில்லை. பெட்டிக்கு வந்த நீலக் காகிதத்திலேயே கை வைத்தேன். அலை தெரியட்டும் என்று கிழித்து, சுருக்கி, பசையை அள்ளி அப்பி ஒட்டினேன்.

"கண்மாயில குடிக்கத் தண்ணியக் காணோம், அட்டையில கரை ஒடையுது" என்று வெள்ளைத்தாய் கேலி செய்தாள்.

"ஒன் வேலையப் பாரு புள்ள" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். என்னிடம் எல்லோரும் அப்படித்தான்.

அட்டையைக் காய்வதற்காகச் சுவரில் சாய்த்துவிட்டு, தானியத்தில் வாய் வைத்த கோழியை விரட்டப் போனேன். வெள்ளைத்தாய் கிணற்றுக்குப் போயிருந்தாள். அவளுடைய இரண்டு வயது மகள் பஞ்சம்மாளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. திரும்பி வந்தால் அட்டையில் கண்மாய்த் தண்ணீரைக் காணோம். அட்டைக்கு முன்னால் பஞ்சு சம்மணம் போட்டு உட்கார்ந்து விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். உதடு, நாக்கு, தாடை எல்லாம் நீலம்.

பெட்டிப் பசையில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். பூஞ்சை பிடிக்காமலிருக்க, பூச்சி தின்னாமலிருக்க, கம்பெனியே பொட்டலம் கட்டிக் கொடுக்கும் நீல விஷம் அது. தினமும் மைதாவைக் காய்ச்சி அதைக் கலப்பது வெள்ளைத்தாயின் வேலை. அந்தப் பானையிலிருந்துதான் நான் அள்ளி அப்பியிருந்தேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. பிள்ளையில்லாதவள் ஓரகத்தி பிள்ளைக்கு நஞ்சு வைத்தாள் என்று ஊர் சொல்லும். ஆனால் அதுகூட இரண்டாவதாகத்தான் தோன்றியது. இந்தக் குட்டிக் கழுதை இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்பதுதான் முதலில். அவள் தொண்டைக்குள் விரலை விட்டேன், நன்றாகக் கடித்துவைத்தாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஓடினேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டால் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

கிணற்றைத் தாண்டும்போது, "ஒன் மக பசையத் தின்னுட்டாடி!" என்று கத்தினேன். நிற்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் பின்னால் குரல் கேட்டது. வெள்ளைத்தாய் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தாள். "நில்லுங்கக்கா! ஓடாதீக!"

அவள் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை. ஊரையே வாயால் நடுங்கவைத்தவள், அந்தச் சின்னப்பெண்ணுக்குப் பயந்து தலைதெறிக்க ஓடினேன். அவள் கூப்பிடக் கூப்பிட என் வேகம் கூடியது. பஞ்சுவோ இதெல்லாம் விளையாட்டு என்று நினைத்து இடுப்பில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சாகப்போகிற பிள்ளை சிரிக்கிறதே என்று எனக்கு அழுகை முட்டியது.

கடைசியில் வெள்ளைத்தாய் என் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"துத்தம் இல்லக்கா."

"என்ன புள்ள சொல்லுத?"

"பசையில துத்தமே இல்லக்கா. இவ கண்டதையும் வாயில வைக்கான்னு மூணு மாசமா நான் போடல. பொட்டலம் அம்புட்டும் பரண் மேல டப்பாவுல கெடக்கு. இவ தின்னது வெறும் மைதாக் கஞ்சி."

"வாயெல்லாம் நீலமா இருக்கே?"

அவள் முந்தானை நுனியால் பஞ்சுவின் உதட்டை அழுத்தித் துடைத்தாள். "காகிதச் சாயம். நம்ம கையி தெனமும் இப்படித்தான இருக்கு."

என் கையைப் பார்த்தேன். பத்து விரலும் நீலம். அப்படியே நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். காலில் கருவேல முள் ஏறியிருந்தது அப்போதுதான் வலித்தது; அந்த வலிகூட நன்றாக இருந்தது. பஞ்சுவுக்கு ஒரு முத்தம் கொடுத்தேன், முதுகில் ஒரு அடி வைத்தேன், மறுபடி முத்தம் கொடுத்தேன். நானும் வெள்ளைத்தாயும் சிரித்தோமா அழுதோமா என்று எங்களுக்கே தெரியவில்லை.

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவள் தரையைப் பார்த்தாள். "பெட்டி பூஞ்சை பிடிச்சுத் திரும்பி வருதுல்ல. சொன்னா நீங்க வைவீகன்னு பயமா இருந்துச்சு."

சுருக்கென்றது. என்னிடம் கேட்டிருந்தால், 'கம்பெனி சொன்னதைச் செய்' என்று எரிந்து விழுந்திருப்பேன். அவளும் பயந்து துத்தத்தைக் கலந்திருப்பாள். என்னிடம் மறைத்ததால்தான் பஞ்சு என் மடியில் உயிரோடு இருந்தாள். பிழைத்தோம் என்று மனசு குளிர்ந்தது.

சனிக்கிழமை கம்பெனி ஏஜெண்டு கருத்தப்பாண்டி வந்து, பூஞ்சை பிடித்த பெட்டிகளை வாசலில் கொட்டினார். "துத்தம் போடுறீகளா, இல்லையா?"

வெள்ளைத்தாய் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"போடல" என்றேன். "இனியும் போட மாட்டோம். வெயில்ல ரெண்டு நாள் கூடக் காயவச்சுத் தாரோம். சரின்னா எடுத்துட்டுப் போங்க. இல்லாட்டி வேற வீடு பாருங்க."

ஆர்டர் நெருக்கிய நேரம். வேறு வீட்டுக்கு அவர் எங்கே போவார்? முணுமுணுத்தபடி திரும்பியவர் சுவரோரம் இருந்த அட்டையைப் பார்த்தார். கரை இருந்தது, பனை இருந்தது, கொக்கு இருந்தது. நடுவில் வெறும் அட்டை.

"இதென்ன, நடுவுல ஒண்ணத்தையும் காணோம்?"

"கண்மாய்த் தண்ணி" என்றேன். "எங்க பிள்ள குடிச்சிட்டா."

வெள்ளைத்தாய் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள்.