உம்முவின் வீடு பட்டியலில் இல்லை

உம்மு வந்தது ஒரு புதன்கிழமை, ஓரமெல்லாம் நனைந்த அபாயாவோடு. சாய்ந்தமருதில் புடவைக் கடை ஒன்றுக்கு மேலேயிருந்த அந்தச் சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு இப்படி யாரும் வருவதில்லை. றிஸ்லா கதிரையை இழுத்துப் போட்டாள். உம்மு உட்காரவில்லை.

"மருதமுனைச் சங்கத்துக்கு கொம்பியூட்டர்ல லிஸ்ட் செஞ்சி குடுத்தது நீங்களா?"

"ஓம் ராத்தா, நான்தான்."

"அதுல நான் இல்ல. என்ட மூணு புள்ளையளும் இல்ல. முழங்கால் தண்ணி நிக்கிற வீட்டுல இருந்து வாறன், அப்பிடி ஒரு வீடே இல்லண்டு சொல்றாங்க."

வெள்ளக் காலத்தில் உலருணவு கொடுப்பதற்காக அந்த நலன்புரிச் சங்கம் ஒரு குடும்பப் பதிவேடு கேட்டிருந்தது. எட்டு மாதத்துக்கு முன் றிஸ்லா அதைக் கேக் பிஎச்பி என்ற நிரல் சட்டகத்தில் எழுதிக் கொடுத்தாள். இப்போது பதிவுகளைத் தேடிப் பார்த்தாள். திங்கட்கிழமை ஒரே ஒரு பெயர்தான் அழிக்கப்பட்டிருந்தது: கட்டார் நாட்டுக்குப் போய், அங்கிருந்தே உம்முவை விவாகரத்துச் செய்தவரின் பெயர். சங்கத்தில் பதிவு பார்க்கும் நஸ்லா, சங்கம் சொன்னபடியேதான் அழித்திருந்தாள்.

உம்முவும் பிள்ளைகளும் எப்படிப் போனார்கள் என்பது றிஸ்லாவுக்கு உடனே விளங்கியது. 'குடும்பத் தலைவர்' என்ற மொடலின் கீழ் மனைவி, பிள்ளைகள், வீடு எல்லாவற்றையும் 'ஹேஸ் மெனி', அதாவது 'இவருக்கு இவை உண்டு' என்று கட்டி, 'டிபென்டன்ட்' என்ற இடத்தில் 'ட்ரூ' போட்டிருந்தாள். தலைவர் போனால் அவரில் தங்கியிருப்பதாக எழுதியதெல்லாம் கூடவே போகும். எழுதி வைத்ததைத்தான் அது செய்தது.

முதலில் அவள் அப்படி எழுதவில்லை. இந்தக் கரையில் கல்யாணத்தோடு வீட்டை மகளுக்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். அதனால் வீட்டைப் பெண்ணோடுதான் கட்டியிருந்தாள். சங்கத்தின் படிவத்தில் குடும்பத் தலைவருக்கு மட்டுமே கட்டம் இருக்கிறது, மாற்று என்று முதலாளி நிப்றாஸ் சொன்னபோது மாற்றிக் கொடுத்தாள்.

நிப்றாஸ் வந்து பார்த்தான். "பெக்கப் இரிக்கிதானே, எடுத்துப் போடு. நஸ்லா பிழையா அழிச்சிட்டாண்டு சங்கத்துக்குச் சொல்லுவம்."

"அவ பிழை செய்யல்ல காக்கா. பிழை என்ட கோட்ல."

"சரி, அத உடு. வீட்ட இவங்கட நானாட பேருல கட்டி உடு. அவரத் தலைவராப் போட்டாச் சரி."

அண்ணன் பேச்சு வந்ததும் உம்மு திரும்பினாள். "நானா என்ட வீட்டுக்குப் பெருநாளைக்குப் பெருநாள்தான் வாற. உம்மா எனக்கு எழுதித் தந்த வீடு. உறுதிப் பத்திரம் என்ட பேருல கிடக்கு. நான் ஏன் ஆம்புளப் பேருக்குள்ள போய் ஒளியணும்?"

"ஒளிய வேணாம் ராத்தா," என்றாள் றிஸ்லா. "சனிக்கிழமைக்குள்ள செஞ்சி தாறன்."

இரண்டு நாளில் தொடர்புகளைப் பிரித்துக் கட்டினாள். வீடு, உறுதியில் பெயர் உள்ளவருக்குச் சொந்தம். ஆட்கள் அந்த வீட்டில் இருப்பவர்கள். ஒருவரை எடுத்தால் இன்னொருவர் அசையமாட்டார். வீடு உள்ள ஒருவரை அழிக்கப் போனால் மென்பொருளே மறுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்த பெக்கப் பிரதியிலிருந்து உம்முவையும் பிள்ளைகளையும் வீட்டையும் திரும்பக் கொண்டுவந்தாள்.

சனிக்கிழமை காலை சங்கக் கூட்டத்தில் முதல் வேலையாக, பிழை தன்னுடையது, நஸ்லாவுடையது அல்ல என்று சொன்னாள். பிறகு புதியதைக் காட்டினாள். சங்கத் தலைவர் முகம்மது தம்பி ஹாஜியாரின் முகம் சுருங்கியது.

"தலைவர் இல்லாம ஒரு குடும்பமா? பழையபடி மாத்துங்க மகள்."

"மாட்டன் ஹாஜியார்."

பக்கத்திலிருந்த நிப்றாஸ் அவள் பெயரைச் சொல்லி அடக்கினான். அவள் அவன் பக்கம் பார்க்கவேயில்லை. பழைய மென்பொருளின் பிரதி ஒன்றை மடிக்கணினியில் திறந்து ஹாஜியாரின் முன்னே வைத்தாள்.

"இது பிரதிதான், ஒண்டும் ஆகாது. உங்கட பேர அழிக்கட்டா?"

அவர் சரியென்று தலையசைத்தார். அழுத்தினாள். அவர் மனைவி றாபியா, இரண்டு மகள்மார், மூன்று வீடுகள், எல்லாம் ஒரே நொடியில் போய் வெறும் திரை நின்றது.

"வீடு மூணும் றாபியாட பேருலயும் மகள்மார்ட பேருலயும்தானே இரிக்கி," என்றார் ஹாஜியார், மெதுவாக.

"ஓம். இந்த லிஸ்டுக்கு அது தெரியா."

பின்வரிசையில் இருந்த பெண்கள்தான் முதலில் சலசலத்தார்கள். ஒருத்தி எழுந்து, "அப்ப என்ட வீட்டையும் என்ட பேருலயே போடுங்க," என்றாள். இன்னும் நாலைந்து பேர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நஸ்லாவின் மேசைக்குப் போனார்கள்.

"தலைவர் எண்ட கட்டம் பேருக்காவது இரிக்கட்டும்," என்றார் ஹாஜியார்.

"இரிக்கட்டும். ஆனா அதோட ஒண்டையும் கட்டமாட்டன்."

புதிய பட்டியலை ஏற்று அவர் கையெழுத்துப் போட்டார். உம்மு அன்று பின்னேரம் அரிசியும் பருப்பும் எடுத்துப் போனாள். போகுமுன், திரையில் தன் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் ஓட்டோ கல்முனை தாண்டியதும், "உனக்கு வாய் கூடிப் போச்சு," என்றான் நிப்றாஸ். "நாளைக்கு வேற சங்கம் வந்தாலும் இப்பிடித்தான் நிப்பியா?"

"ஓம் காக்கா," என்றாள் றிஸ்லா. "இப்பிடித்தான் நிப்பன்."