இரண்டாவது வடை

நான் புறப்படுவதற்கு முன்பே தெருமுனையில் எனக்குக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். படம் நன்றாக விழுந்திருந்தது. தோற்றம், மறைவு இரண்டும் போட்டிருந்தார்கள். மறைவுக்கு நேராக என் விமான டிக்கெட்டின் தேதி.

நான் வேலைக்குப் போகும் நாடு அப்படி. போனவர்கள் திரும்புவதில்லை. சாத்தூரில் அதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அடம்பிடிக்கும் குழந்தைகளுக்குச் சோறூட்டும்போது மட்டும் சொல்வார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தையும் முன்கூட்டியே முடித்தார்கள். அப்புறம் மண்டபம் கிடைக்காதாம். எனக்கும் இலை போட்டார்கள். வடை நன்றாக இருந்தது. இன்னொன்று கேட்டேன். பரிமாறிக்கொண்டிருந்த தம்பி சங்கரலிங்கம் தயங்கினான்.

“அண்ணே, இது உங்களுக்காக நடக்குற காரியம். நீங்களே ரெண்டாவது வடை கேட்டா வந்தவங்க என்ன நெனப்பாங்க?”

நியாயம்தான். பெட்டியை எடுக்க வீட்டுக்குப் போனேன். என் அறையில் கட்டில் இல்லை. அந்த இடத்தில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் நான் மாலையோடு இருந்தேன். கீழே சீரியல் பல்பு எரிந்தது.

அந்த நாட்டு விமான நிலையத்தில் நான் நடக்க நடக்க நடைபாதை நீண்டது. நின்றேன். கவுண்டர் வந்து சேர்ந்தது.

அதிகாரியின் மீசையை இரண்டு சிப்பந்திகள் இரு பக்கமும் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

“பயமா இருக்கா?”

“இல்லைங்க.”

“கொஞ்சங்கூடவா?”

“செருப்பு கடிக்குது. மத்தபடி ஒண்ணுமில்ல.”

அவர் பேனாவை மூடினார். “பயப்படாத ஆளை உள்ள விடுறதில்ல. நாட்டோட பேரு என்னாகும்?”

என்னைப் பயமுறுத்த ஒரு சிங்கத்தைக் கூட்டிவந்தார்கள். அது என் பையை முகர்ந்தது. காராச்சேவு இருந்தது. கொடுத்தேன். தின்றுவிட்டுத் தண்ணீர் கேட்டது.

“டூட்டில இருக்கும்போது அதுக்கு எதுவும் குடுக்காதீங்க” என்றார் அதிகாரி.

அடுத்தது அலறல் அறை. உள்ளே ஒருவர் சம்பளத்துக்கு அலறிக்கொண்டிருந்தார். தொண்டை கட்டியிருந்தது. சுக்கு மிட்டாய் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் அலறவில்லை. வீட்டு வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கடைசியாகத் தூக்குப் போடுபவர் வந்து கழுத்துக்கு அளவெடுத்தார்.

“கொஞ்சம் லூசா வைக்கவா சார்?”

எங்கள் ஊர் டெய்லர் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கியது.

“அது பயமா?” என்று அதிகாரி ஆவலாகக் குனிந்தார்.

“நன்றிங்க.”

அவர் மீசை தொங்கிவிட்டது. சிப்பந்திகள் முழங்காலிட வேண்டியதாயிற்று. “முன்னாடி ஒருத்தர் வந்தார். பிளேன்லயே மயங்கிட்டார். தங்கமான மனுஷன்” என்றார். பிறகு முத்திரையைத் தேடினார். “வேற வழியில்ல. உங்களத் திருப்பி அனுப்புறோம். ஊருக்கே போயிருங்க.”

என் முழங்கால் ஆட ஆரம்பித்தது. தெருமுனையில் என் படம். வாஷிங் மெஷின். என் பெயரைச் சொல்லிச் சாப்பிட்டுப் போன அத்தனை பேர். அவர்கள் முன்னால் நான் பெட்டியோடு ஆட்டோவில் இறங்குகிறேன். சங்கரலிங்கம் கதவைப் பாதி திறக்கிறான். ‘இதென்னண்ணே பழக்கம்’ என்கிறான்.

“நடுங்குறீங்க” என்றார் அதிகாரி. மீசை மெல்ல எழுந்தது. “எங்களப் பாத்துதானே?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாக்கு உண்மையைச் சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். சிங்கம் எழுந்து கதவோரமாகப் போய் உட்கார்ந்தது.

“நீங்க உயிரோட இருக்கும்போதேவா?”

“ஆமாங்க.”

“பந்தி போட்டா?”

“ஆமாங்க. ஒரு வடைதான்.”

அதிகாரி வெளிறிப்போனார். என் பாஸ்போர்ட்டில் அனுமதி முத்திரை குத்தினார். அது கோணலாக விழுந்தது.

மறுநாளே அரசாங்கம் கூடியது. பயமுறுத்துவதில் நாடு பின்தங்கிவிட்டது என்று பேசினார்கள். ஒருவரைப் பயிற்சிக்குச் சாத்தூருக்கு அனுப்புவதாக முடிவாயிற்று. அதிகாரியின் பெயர் வந்தது. அவருடைய அறையை எனக்கு ஒதுக்கினார்கள். காற்றோட்டமான அறை. மீசைக்காக வாசலை அகலமாகக் கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு தாய், சாத்தூர் பெயரைச் சொல்லிக் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை மெல்லாமல் விழுங்கியது.

அதிகாரிக்கும் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். மீசைக்கு மட்டும் தனி ஃபிளெக்ஸ். முறை தெரிந்தவன் என்று என்னைப் பரிமாறச் சொன்னார்கள்.

முதல் இலையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மீசையைச் சுருட்டி ஏற்கெனவே பெட்டியில் வைத்தாகிவிட்டது. அது இல்லாமல் முகம் சின்னதாக இருந்தது. வடையைத் தின்று முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

“தம்பி, இன்னொண்ணு கெடைக்குமா?”

பந்தி முழுக்க என்னைப் பார்த்தது. அடுத்த இலையில் சிங்கம் மெல்லுவதை நிறுத்தியது.

தட்டில் வடை நிறைய இருந்தது. நான் அவரைத் தாண்டிச் சிங்கத்துக்கு வைக்கப் போனேன்.