ஜன்னல் ஓரத்து போன்

இடது கை மரத்துப்போனதும் உலகம்மை பிடியை வலது கைக்கு மாற்றிச் சுற்றினாள். செங்கல் அளவே இருந்த அந்தப் பெட்டி கரகரவென்று இரைந்தது. அதிலிருந்து ஒயர் நீண்டு, ஜன்னல் கட்டையில் கிடந்த பட்டன் போனுக்குள் போயிற்று. அந்த வீட்டில் ஜன்னலை விட்டு ஒரு அடி நகர்ந்தாலும் ரேஞ்ச் கிடைக்காது. சுற்றும் வேகம் குறைந்தால் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்துவிடும்.

கேரளத்து மலையூரான பொன்முடியில் கரண்டு போய் மூன்று நாளாயிற்று. காலையில் அவள் புருஷன் ராஜையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் கிளம்பி வந்தது, ஆனால் பன்னிரண்டாம் வளைவு வரைக்கும்தான். அதற்கு மேல் மலை சரிந்து ரோட்டை மூடியிருந்தது.

"சேச்சி, போன் ஆஃப் ஆகாம பாத்துக்கணும்," என்று டிரைவர் போனில் மலையாளம் கலந்து சொல்லியிருந்தான். "ஜேசிபி மண்ணை எடுத்திட்டிருக்கு. வழி ஆனதும் நான் போன்ல விளிக்கும். அதுவரை ஆளை அசைக்கண்டா, சாய்ச்சு இருத்தினா போதும்."

அப்போதே போனில் சார்ஜ் தீரும் நிலை. விழிஞ்ஞம் துறைமுகத்தில் எலக்ட்ரீசியனாக இருக்கும் மகன் சுஜின், போன மழையின்போது கையால் சுற்றிச் சார்ஜ் ஏற்றும் இந்தப் பெட்டியை வாங்கி அனுப்பியிருந்தான். "இதுல முறுக்கு புழியலாமோ?" என்று ராஜையன் சிரித்துவிட்டு அலமாரி மேல் வைத்ததுதான்; இன்று காலைதான் அதை இறக்கினாள். சுஜினுக்கும் அப்போதே சொல்லியாயிற்று; அவன் கிளம்பியிருந்தான்.

"ஏட்டி," என்றார் அவர் பின்னாலிருந்து. "அத வச்சிட்டு இங்க வா."

"இன்னா வாறேன்." அவள் திரும்பவில்லை. "சார்ஜ் ஒரு கோடு ஏறட்டும்."

"ஏறும் ஏறும். வந்து உக்காரு."

வழி ஆகாவிட்டால் கட்டித் தூக்குவதற்கென்று, பக்கத்து வீட்டு ஜெபமலர் கம்பும் கம்பளியும் தேடி ஆள் கூட்டப் போயிருந்தாள். சுற்ற வேறு ஆளில்லை. தோளை வலி பிடுங்கியது. உலகம்மை பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். போன் அடித்தது.

"சேச்சி, மேலேந்து பின்னயும் மண்ணு இறங்குது. ஜேசிபியை நிறுத்திட்டாங்க. நீங்க தோட்டப் பாதை வழியா ஆளைச் சுமந்து கொண்டு வரணும். ரெண்டு மணிக்கூர் ஆனாலும் வேற வழி இல்ல."

"கேட்டீங்களா, தூக்கிட்டுப் போயிரலாமாம்," என்று திரும்பினாள்.

ராஜையன் சுவரில் சாய்ந்தபடியே இருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை அவளிருந்த பக்கமாக நீண்டு, கட்டில் விளிம்பில் மல்லாந்து கிடந்தது.

ஜெபமலர் ஆட்களோடு வந்தாள். எஸ்டேட் மருந்தகத்தில் வேலை பார்த்த வன்னியராஜ் அவரைத் தரையில் கிடத்தி, நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். வியர்த்து ஓய்ந்தபின், ஆட்களோடு சேர்ந்து அவரைத் திரும்பக் கட்டிலில் கிடத்திவிட்டு, உலகம்மையின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

யாரோ விசும்பத் தொடங்கியபோது மறுபடி போன் அடித்தது. சார்ஜ் சொட்டுதான் இருந்தது. ஜெபமலர் ஓடிப்போய்ப் பிடியைச் சுற்றினாள்.

"அம்மா, ஆம்புலன்ஸ் பக்கத்துலதான் நிக்கேன்." சுஜினுக்கு மூச்சு வாங்கியது. "போலீஸ் தடுக்காங்க. கண்ணு தப்பி மண்ணு மேல குறுக்க ஓடினா இருபது நிமிசத்துல வந்துருவேன். அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

ஜெபமலரின் கை தளர்ந்தது. பச்சை விளக்கு மினுக்கியது. சுற்றுவது நின்றால் போன் தானாக அணைந்துவிடும், பதில் சொல்ல வேண்டியிருக்காது. பதில் கிடைக்காவிட்டால் அவன் சரிந்த மண் மேல் ஓடிவிடுவான். உலகம்மை போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பிடியைத் தானே வாங்கிச் சுற்றினாள்.

"வலி நின்னுட்டு மக்கா," என்றாள். "தூங்குறாரு."

"அப்பாட்ட ஒரு வார்த்தை குடும்மா."

"இப்பதான் கண்ணசந்தாரு. எழுப்பண்டாம்."

"அழுதியா?"

"கை வலிக்கு. இதச் சுத்திச் சுத்தி." அவள் குரலை இறுக்கிப் பிடித்தாள். "நீ தோட்டப் பாதையில சுத்தி வா. மண்ணு மேல கால் வச்சேன்னு கேட்டா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். மெதுவா வா."

"சரிம்மா. சுத்தியே வாறேன்."

அதன்பின் அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். மல்லாந்து கிடந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாசலில் கூடிய பெண்கள் ஒப்பாரிக்கு வாயைத் திறந்தபோது, "அவன் வந்து சேரட்டும். மலையில சத்தம் தூரமா போகும்," என்றாள். யாரும் அழவில்லை. இரண்டு மணி நேரம் ஓட்டில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து சுஜின் ஏறி வந்தான். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தான். வாசலில் பேசாமல் நின்ற ஆண்களைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். படிக்குக் கீழேயே நின்றுவிட்டான்.

அவன் கால்களில் அட்டைகள் ஊதித் தொங்கின. உலகம்மை உள்ளே போய் ஒரு கைப்பிடி உப்போடு வந்து, மழையிலேயே அவன் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்தாள். உப்பு பட்டதும் அவை ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. கடிவாயிலிருந்து ரத்தம் மழைத் தண்ணீரோடு கலந்து இறங்கியது.

"அந்தக் காலையும் காட்டு," என்றாள்.