பகல் ஒரு மணி வானிலை

தேசிய ஊடக நிறுவனத்தின் கணினிகளை இணையத் திருடர்கள் பூட்டிய திங்கட்கிழமையன்று, பகல் ஒரு மணிக்கு, மூன்றாம் மாடி ஆவண அறைக்குள் மூன்று நிமிடம் மழை பெய்தது. பெய்தது இருபது வருடத்துக்கு முந்தைய மழை. கூடவே மூடுபனி இறங்கியது, மண்டையைப் பிளக்கிற வெயிலும் அடித்தது. மூன்றும் சேர்ந்து வந்ததால்தான், ஆவண அறையைப் பார்த்துக்கொண்ட டிஸ்க்கம்மாவுக்கு அது யாருடைய வானிலை என்று சட்டெனப் பிடிபட்டது. அவள் கணவர் வானொலியில் வானிலை வாசித்த முதல் நாள், பதற்றத்தில் மூன்று பகுதிகளுக்கான அறிக்கையையும் ஒன்றாகக் குழப்பி, நாடு முழுவதற்கும் மழை, பனி, வெயில் மூன்றையும் ஒரே மூச்சில் அறிவித்துவிட்டார். அப்படியொரு வானிலையை அதற்கு முன்னும் பின்னும் எந்த மனிதனும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒன்பது வருடம் வாசித்தார். அவர் வெயில் என்றால் மழை வரும், மழை என்றால் மண் புழுதி பறக்கும். கணித்து எழுதிக் கொடுத்தது வேறு யாரோ. ஆனால் ஊர் ஏசுவது வாசித்த வாயைத்தானே. வெயில் என்று வாசித்த நாளிலும் கையில் குடையோடு வீடு திரும்பியதால் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர். கடைசிக்கு முந்தைய நாள் பகல் ஒரு மணிக்கு, மாலை வரை நல்ல வெயில் என்று வாசித்தார். அதை நம்பி டிஸ்க்கம்மா வீட்டிலிருந்த போர்வை, விரிப்பு, திரைச்சீலை அத்தனையையும் துவைத்துக் கொடியில் போட்டாள். மூன்று மணிக்குக் கொட்டு கொட்டென்று கொட்டியது. அன்றைக்கு வந்த கோபத்தில், "ஊரை ஏமாத்துறது போதாதுன்னு என்னையும் ஏமாத்துறீங்களா? இனிமே உங்க வானிலையை நான் கேக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலை அவர் தேநீரைக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கிளம்பினார். ஒரு மணிக்கு அவள் வானொலியைத் திருகவில்லை. மாலையில் பேருந்திலேயே அவருக்கு நெஞ்சு அடைத்தது. யாரோ ஒரு புண்ணியவான் குடையை மட்டும் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

கணவர் இறந்ததற்கு ஈடாக நிறுவனம் அவளை ஆவண அறையில் சேர்த்துக்கொண்டது. பழைய ஒலிப்பதிவுகள் எல்லாம் நாற்பத்திரண்டு பேக்கப் டிஸ்க்குகளில் இருந்தன. வெள்ளிக்கிழமை மாலை அத்தனையையும் கணினியிலிருந்து கழற்றி, துடைத்து, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். திங்கள் காலை மறுபடி மாட்ட வேண்டும். இருபத்தேழாவது டிஸ்க்கில் அவர் குரல் இருந்தது. முதல் இரண்டு வருடம் அதைத் தொடக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. பிறகு ஒரு நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் அறிக்கையைக் கேட்டாள். அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றே ஒன்று. சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்ற பயம். இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு அறிக்கைகளில் இரண்டாயிரத்து முந்நூற்று ஐந்தைக் கேட்டு முடிக்க ஒன்பது வருடம் பிடித்தது. மிச்சம் இருந்தது அந்தக் கடைசி ஒன்று. மனிதர் கோபத்தோடு போனாரா, மனம் ஆறிப் போனாரா என்று அவர் குரலைக் கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தாள், ஹெட்போனை மாட்டிவிட்டுக் கழற்றினாள். திங்கட்கிழமை கேட்டுக்கொள்ளலாம், வந்ததும் தயாராக இருக்கட்டும் என்று அந்த ஒரு டிஸ்க்கை மட்டும் கழற்றாமல் போனாள். பதினோரு வருட வேலையில் அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

திங்கட்கிழமை காலை எல்லாத் திரையிலும் ஒரு பூட்டின் படமும், பணம் கேட்டு ஒரு கடிதமும் நின்றன. தொலைக்காட்சியில் ஆறு மணி நேரம் ஒரே செம்பருத்திப் பூவைக் காட்டினார்கள். செய்தி வாசிப்பவர்கள் கையால் எழுதிய தாளை வைத்து வானொலியில் தடுமாறினார்கள். கணினிப் பொறியாளர் மூச்சிரைக்க மாடியேறி வந்து பீரோவைத் திறக்கச் சொன்னார். நாற்பத்தோரு டிஸ்க்கும் பத்திரமாக இருந்தன. கணினியிலேயே விட்டிருந்த இருபத்தேழு மட்டும் பூட்டிக்கொண்டது. ஒன்பதே நாளில் நிறுவனம் எழுந்து உட்கார்ந்துவிட்டது, திருடர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இயக்குநர் கூட்டம் கூட்டி, இந்த அம்மா இல்லையென்றால் நம் கதை கந்தல் என்று பாராட்டி, கண்ணாடி போட்ட சான்றிதழ் கொடுத்தார். இருபத்தேழில் என்ன இருந்தது என்று கேட்டவர், பழைய வானிலை என்றதும், அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று கோப்பை மூடினார். சான்றிதழை அவள் வீட்டில் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினாள்.

மழை மட்டும் நிற்கவில்லை. வேலை நாட்களில் சரியாக ஒரு மணிக்கு, பூட்டிய டிஸ்க்கிலிருந்து ஒரு நாள் வானிலை வெளியேறியது. வரிசை மாறாமல், மூன்று நிமிடம். வெளியே உண்மையில் நடந்தது அல்ல, அவர் வாசித்தது எதுவோ அது. குழாய் கசிகிறதா என்று பராமரிப்புப் பிரிவு இரண்டு தரம் சுவரை உடைத்துப் பார்த்துவிட்டு, பிறகு ஆவண அறைக்கு இரண்டு வாளியும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் ஒதுக்கியது. துப்புரவுப் பணியாளரின் அட்டவணையில் ஒன்று ஐந்துக்கு மூன்றாம் மாடி என்று ஏறியது. குளிர்காலத்தில் வெயில் அறிக்கை வரும் நாட்களில் மற்றப் பிரிவினர் சாப்பாட்டு டப்பாவோடு வந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் வந்தது, குரல் மட்டும் வரவில்லை. மழைச் சத்தத்துக்குள் அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு சொல், ஒரு செருமல், அவர் தாளைப் புரட்டும் ஓசை, ஏதாவது ஒன்று கேட்காதா என்று ஏங்குவாள். நனைந்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் வெட்கத்தை விட்டு, பணம் கேட்ட கடிதத்தில் இருந்த முகவரிக்கு, திருடர்களுக்கே கடிதம் எழுதினாள். டிஸ்க் வேண்டாம், கடைசி அறிக்கையை மட்டும் திறந்து கேட்டு, அவர் எந்தக் குரலில் என்ன சொன்னார் என்று எழுதினால் போதும் என்றாள். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: "எங்களுக்குப் பூட்டத்தான் தெரியும்மா. இதுக்குச் சாவி எங்ககிட்டயும் இல்ல. மன்னிச்சிருங்க." ஆக, காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கடைசி வானிலை வர ஒன்பது வருடம் ஆகும்.

அவள் மகள் ஒருமுறை அறைக்கே வந்து, பனியில் விறைத்துப்போன அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா கோவமாப் போயிருக்க மாட்டாரும்மா. போதும், விட்டுரு."

"அது உனக்கு எப்படித் தெரியும்? நான் பேசின பேச்சு எனக்குத்தானே தெரியும்."

மகள் தன் சால்வையை அம்மாவுக்குப் போர்த்திவிட்டுப் போனாள்.

வருடங்கள் போயின. டிஸ்க்கம்மாவுக்குத் தலை நரைத்தது, மூட்டு வலி வந்தது, பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். பதினோரு வானிலை பாக்கி இருக்கும்போது பணி ஓய்வும் வந்துவிட்டது. அதன் பிறகு வாசலில் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வந்த காரணம் என்ற இடத்தில் காவலாளி தினமும் 'வானிலை' என்று எழுதினார்.

பத்தாவது நாள் அறைக்குள் நல்ல வெயில் அடித்தது. துணியை நனைத்த அதே பொய் வெயில். அவள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மறுநாள் மகளின் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள், கணவரின் குடையை விரிக்கவில்லை. பொறியாளர் வாசலில் வந்து நின்றார். அவருக்கும் தலை நரைத்திருந்தது.

ஒரு மணிக்கு மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, அறை முழுக்க அடைமழை. மேசை நனைந்தது, பீரோ நனைந்தது, சால்வை தொப்பலாக நனைந்தது. ஒரு நிமிடம் போயிற்று. அவ்வளவுதானா, எல்லாரையும் போலத் தனக்கும் மழைதானா என்று அவள் தலை குனிந்தாள். அப்போதுதான் தரையில் காய்ந்த கோடு ஒன்று தெரிந்தது. ஜன்னல் கம்பியிலிருந்து பீரோவின் கைப்பிடி வரை, ஒரு முழ அகலத்தில், நேராக ஒரு பட்டை வெயில். நீளத்தை அளக்கத் தேவையே இருக்கவில்லை. தினமும் துணி போடுகிறவளுக்குத் தன் வீட்டுக் கொடியின் நீளம் தெரியாதா?

அவள் எழுந்து, சால்வையைப் பிழிந்து, இரண்டு கையாலும் அந்த வெயிலில் விரித்துப் பிடித்தாள். அழுதுகொண்டேதான் பிடித்தாள். மூன்று நிமிடம் முடிந்தபோது சால்வை மொறமொறவென்று காய்ந்திருந்தது.

"என்னம்மா சொல்லிருக்கார்?" என்று பொறியாளர் கேட்டார்.

"நாடு பூரா மழையாம். எங்க வீட்டுக் கொடியில மட்டும் வெயிலாம்."

ஒன்று ஐந்துக்குத் துப்புரவுப் பணியாளர் வந்து தரையைத் துடைத்தார். மறுநாள் அட்டவணையிலிருந்து அந்த வரி அடிக்கப்பட்டது. அறை அதன்பின் நனையவில்லை. டிஸ்க்கம்மாவின் வீட்டுக் கொடியில் மட்டும் எவ்வளவு மழை பெய்தாலும் துணி காய்கிறது. மழைக்காலத்தில் அக்கம்பக்கத்தார் வாளியோடு வருகிறார்கள். அவள் யாரையும் வேண்டாம் என்பதில்லை. கிளிப் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.