குளியலறைப் பாட்டு

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தினமும் காலையில் குளிக்கும்போது பாடுவார். பாட்டா அது, கர்ண கடூரம்! சுவரைத் தட்டிச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். தெருவில் ஜீப் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்ததிலிருந்து, அந்தக் குரல் கேட்டால்தான் 'மனுஷன் இருக்கிறார்' என்று எனக்கு உயிர் வரும்.

இன்று சத்தமே இல்லை. போய் அவர் கதவைத் தட்டினேன். தாழ்ப்பாள் விலக வெகுநேரம் ஆனது. அவர் முகம் வெளிறியிருந்தது.

"நீதானா? நீ தட்டுனதும் எனக்கு உசுரே போயிடுச்சு."

"ஏண்ணே, இன்னைக்குப் பாடல?"

"குழாய்ல தண்ணி வரல. குளிக்கல."

"குளிக்காட்டி என்ன? பாடித் தொலைங்க!"

சிரித்துக்கொண்டே வாசலில் நின்று ஆரம்பித்தார். தெருமுனையில் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது. பாதி வரியில் அவர் பாட்டு நின்றது.

எனக்குச் சுத்தமாகப் பாட வராது. அவர் விட்ட இடத்திலிருந்து பாடினேன்.