வ்யூஃபைண்டருக்கு வெளியே ஒரு கை

1

இந்தக் கதை ஒரு எரிச்சலில் பிறந்தது. "உள்ள படத்தப் பதியற சென்சார் சின்னதா இருந்தா என்ன சார், படம் வந்தாப் போதாதா?" என்றார் கேமராக் கடைக்காரர். போதாது என்று நிரூபிக்கவே பேனாவை எடுத்தேன்.

முதல் வரி: 'ரத்தம் சொட்டச் சொட்ட அவன் ஓடி வ...'

அடித்துவிட்டேன். அடிபட்டவர் ஓடவில்லை. கத்தக்கூட இல்லை.

2

தொழிற்சாலையின் விளம்பரப் பிரிவில் அவள் போட்டோகிராபர். இரும்புத் தகட்டை அழுத்தும் புது பிரஸ் மெஷின் முன்னால் முதலாளியை நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். படத்தின் இடது ஓரத்தில், பக்கத்து பிரஸ் மெஷினில் ஆபரேட்டர் அண்ணன் குனிந்து நிற்கிறார். கையில் சிவப்பாக ஒரு துணி.

மெஷினில் கை நசுங்கியது என்கிறார் அவர். குடித்துவிட்டு வீட்டுக் கதவில் நசுக்கிக்கொண்டார், படத்தில் இருப்பது கிரீஸ் துடைக்கும் சிவப்புத் துணி என்கிறது நிர்வாகம். அவர் வேலையும் போயிற்று. படத்தின் ஓரமோ மங்கல். இனி, எடுத்தவள்தான் சாட்சி.

3

அந்தக் காயம் பற்றிய விசாரணைக்கு முன்னால் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது சின்ன சென்சார் கேமரா. அதனால உள்ள இருக்கற கண்ணாடியும் சின்னது, அது மேல அனுப்பற பிம்பமும் சின்னது. கண்ண வெச்சுப் பாக்கற வ்யூஃபைண்டர் சாவித் துவாரம் மாதிரி. விலை கம்மிங்கறதால ஓரமும் முழுசாத் தெரியாது. படத்துல விழுந்தது உன் கண்ணுல விழலை. அத மட்டும் சொல்லு."

"பெரிய சென்சார் கேட்டப்ப எல்லாம் ஒண்ணுதான்னீங்களே சார்?"

"அப்ப விலை கேட்டேன். இப்ப விவரம் கேட்டுட்டு வந்திருக்கேன்."

(வாசகரே, அந்த ஆள் கேமராவைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் வயிறு எரிவதே அதனால்தான். பொய்யனை நான் ஒரே அத்தியாயத்தில் மாட்டிவிடுவேன். உண்மையை இப்படிக் கழுத்தைப் பிடித்து வேலை வாங்குகிறவனை என்ன செய்ய? அவனை... வேண்டாம், பத்திரிகையில் போட மாட்டார்கள்.)

4

மேனேஜருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தத் துவாரத்தோடு மல்லுக்கட்டி அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. வலது கண் கேமராவில் இருக்கும்; இடது கண்ணை மூடவே மாட்டாள்.* "சிரிக்கட்டுமா?" என்று முதலாளி கேட்ட அதே நொடியில், இடது கண் எல்லாவற்றையும் பார்த்தது. பிரஸ் அண்ணன் கைமேல் இறங்கியதை. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு துணியைச் சுற்றியதை.

(* முதல் வரைவில் அவள் எதையும் பார்க்கவில்லை. அப்படியென்றால் அவள் தப்பித்துவிடுகிறாள், நானும் தப்பித்துவிடுகிறேன். கிழித்தேன்.)

5

முடிவு அ: பார்த்தேன் என்கிறாள். மறுநாள் தொழிற்சாலை கேட்டில் அவள் அடையாள அட்டையைப் பிடுங்குகிறார்கள்.

முடிவு ஆ: பார்க்கவில்லை என்கிறாள். பெரிய சென்சார் கேமரா மேஜைக்கு வருகிறது.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.

விசாரணை அறை வாசலில் அண்ணன் காத்திருந்தார், கட்டுப் போட்ட கையோடு.

"தங்கச்சி, உனக்கும் பிள்ளைங்க இருக்கு. வேலையக் கெடுத்துக்காத."

"அண்ணே..."

"குடிச்சிருந்தேன்னு மட்டும் எழுத விட்டுடாதம்மா. நான் அதத் தொட்டதே இல்ல. என் பொண்ணு அதப் படிக்கும்."

கதவு திறந்தது. "அந்தக் கையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். அவள் வாய் திற...

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். பிரஸ் இறங்கியதை நான்காம் பகுதியில் நீங்களும்தான் பார்த்தீர்கள். உங்கள் வேலை போகாது. சொல்லுங்கள்.