இருபத்து நாலு மணி நேரத்தில் மறையும்

கல்யாணம் ஆனதைக் காட்ட ஹேமநாத்திடம் முந்நூறு போட்டோ இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் புருஷனாக இருந்ததைக் காட்டத்தான் ஒன்றுமே இல்லை. லண்டனிலிருந்து வந்த கடிதம் அப்படித்தான் சொன்னது.

லண்டன் என்றால் லண்டன் இல்லை. அவன் மனைவி பானுப்ரியா நர்ஸாக வேலை பார்ப்பது இங்கிலாந்தில் வடக்கே எங்கேயோ, மழை விடாத ஓர் ஊரில். ஆரணிக்காரர்களுக்கு அந்தத் தேசம் முழுக்கவே லண்டன்தான். கல்யாணமாகிப் பதினோராம் மாதம் அவள் விமானம் ஏறினாள். ஒன்றரை வருஷம் கழித்து, அவனையும் அங்கே அழைத்துக்கொள்ள டிபெண்டென்ட் விசாவுக்கு மனுப் போட்டார்கள். முடியாது என்று பதில் வந்துவிட்டது.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையோடு விசா வேலையும் பார்க்கிறவர் தனசேகரன். அவர்தான் கடிதத்தைப் படித்துச் சொன்னார்.

“கல்யாணம் ஆச்சின்றத ஒத்துக்கிறாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிகினு, சிரிச்சிகினு, குடும்பம்னு இருந்ததுக்கு இன்னா அத்தாட்சின்னு கேக்கறாங்க. போன் கால் லிஸ்ட்ல நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு இருக்குது. இன்னா பேசினீங்கன்னு அதுல தெரியாது. வாட்ஸப்புல எழுதிக்கினதெல்லாம் எங்க?”

“இல்லீங்க.”

“இல்லன்னா?”

“இருவத்து நாலு மணி நேரத்துல மறைஞ்சிடும்ங்க. அவ போன்லயும் இருக்காது, என் போன்லயும் இருக்காது.”

தனசேகரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “எந்தப் புண்ணியவான் அப்டி வெச்சது?”

“நான்தாங்க.”

அது ஒரு வெட்கக்கேடான கதை. ஹேமநாத் பட்டு நெய்வது சிவப்பிரகாசம் என்ற முதலாளிக்கு. தறியில் சேலையின் முந்தி முடிந்ததும் போனில் படம் பிடித்துக்கொண்டு அவர் கடைக்குப் போய்க் காட்ட வேண்டும். பானு ஊரைவிட்டுப் போன புதிதில், ஒருநாள் முதலாளி போனைக் கையில் வாங்கி ஜரிகையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, திரையின் மேலே ஒரு செய்தி வந்து விழுந்தது. பக்கத்தில் இருக்கிற காலண்டரைக்கூடத் தடவித் தடவிப் படிக்கிற மனுஷனுக்கு அன்றைக்கு மட்டும் பார்வை பளிச்சென்று இருந்தது. சத்தமாகவே படித்தார்:

“டேய் ஹேமு, தூங்குமூஞ்சி, சாப்ட்டியாடா?”

தறிக்குப் பாவு நூல் வாங்க வந்திருந்த ஏழெட்டு நெசவாளர்கள் கடை அதிரச் சிரித்தார்கள். பானு நாலு பேர் எதிரே அவனை “ஏங்க” என்றுதான் கூப்பிடுவாள். “டேய்” என்பது கதவைச் சாத்திக்கொண்ட பிறகு. அந்தக் கதவு இப்படி நட்டநடுக் கடையில் திறந்துகொண்டது. மறுநாளிலிருந்து டீக்கடையில், ரேஷன் கடையில், போகிற இடமெல்லாம் “டேய் ஹேமு, சாப்ட்டியாடா?”தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள், செய்திகள் ஒரே நாளில் தானாக அழிந்துபோகிற மாதிரி வாட்ஸப்பில் மாற்றி வைத்துவிட்டான். ஏன் என்று பானு கேட்டாள். “போனு பல பேரு கைக்குப் போவுது” என்றான். “சரிடா, தினம் புதுசா திட்டிக்கிறேன், எனக்கென்ன கஷ்டம்” என்று சிரித்தாள். அப்படித்தான் ஒன்றரை வருஷம் தினம் புதிதாகத் திட்டினாள், தினம் புதிதாகக் கொஞ்சினாள். எல்லாம் மறுநாளே போய்ச் சேர்ந்தது. ஒரு வார்த்தைக்குக் கூச்சப்பட்டுப் பெண்டாட்டி எழுதிய அத்தனையையும் பறிகொடுத்தவனை என்ன சொல்வது? முட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவனும் மறுக்க மாட்டான்.

தனசேகரன் வழி சொன்னார். “மொதல்ல அதை எடுத்து உடு. இன்னிலேர்ந்து ஒரு வருஷம் தினம் எழுதுங்க, ரெண்டு பேரும். அப்புறம் மறுபடி மனுப் போடலாம். ஆனா டேய், கீய்லாம் வாணாம். இங்கிலீஷ்ல மாத்தறப்போ அசிங்கமா பூடும். ஆபீசர் படிக்கிறது, மரியாதையா இருக்கட்டும்.”

மரியாதையாகவே எழுதினார்கள்.

“அன்புள்ள கணவருக்கு, வணக்கம். தாங்கள் உணவு உண்டீர்களா?”

“அன்புள்ள மனைவிக்கு, உண்டேன். தங்கள் நினைவாகவே உள்ளது.”

முதல் மாதம் இதுவே ஒரு விளையாட்டாக இருந்தது. “‘தங்கள் நினைவாகவே உள்ளது’ன்னு நீ எழுதினதப் பார்த்து வார்டுல வாய் விட்டுச் சிரிச்சிட்டேன்டா, ஒரு தாத்தா பயந்துட்டாரு” என்று போனில் சொல்லிச் சிரித்தாள். நாலாவது மாதம் சிரிப்பு நின்றது. பிறகு போன் பேச்சும் சுருங்கியது. “இன்னிக்கு எழுதிட்டியா?” “எழுதிட்டேன். நீ?” “வேலை முடிச்சிட்டு எழுதறேன்.” அவ்வளவுதான். ஆபீசருக்கு எழுதியது போக ஒருவருக்கொருவர் சொல்ல மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

எட்டாவது மாதம் ஒருநாள் சாயங்காலம் அவள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். மூன்று வாரமாக அவள் குளிப்பாட்டி, ஊட்டிவிட்ட ஒரு கிழவி காலையில் அவள் கையைப் பிடித்தபடியே செத்துப்போய்விட்டாளாம். “கையை எடுக்கவே முடியலடா, எவ்ளோ நேரம் அப்டியே நின்னுகினு இருந்தேன் தெரியுமா” என்று தேம்பினாள். ஹேமநாத்துக்குப் பறந்துபோய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது. அந்தத் தவிப்பில்தான் அவன் வாயிலிருந்து அது வந்தது.

“பானு, இத அப்டியே எழுதி அனுப்பு. ஃபைலுக்கு நல்லா இருக்கும்.”

சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. கொட்டிய பாலை அள்ள முடியுமா? அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. “சரிங்க” என்றாள். தனியாக இருக்கும்போது அவள் அவனிடம் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகும் எழுதினாள். ஒருநாள் தவறாமல் எழுதினாள். அந்தக் கிழவியைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதவில்லை. அவனும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று பல தடவை போனை எடுத்தான். எழுதினால் அதுவும் ஃபைலில்தானே சேரும் என்று வைத்துவிட்டான்.

மனுப் போட ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு, தறியில் உட்கார்ந்திருந்தபோது போன் அதிர்ந்தது. செய்திக்கு மேலே சின்ன எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. பானுப்ரியா மறையும் செய்திகளை மறுபடி போட்டுவிட்டாளாம், இனி வருகிற செய்திகளுக்கு இருபத்து நாலு மணி நேரம். அவன் அதைக் கவனிக்கவில்லை. முதல் வார்த்தைதான் கண்ணில் பட்டது. ‘டேய்.’ ஒரு வருஷம் கழித்து எழுத்தில் ‘டேய்.’ காலைத் தறியின் மிதிகட்டையிலிருந்து எடுத்துவிட்டு, வாயெல்லாம் பல்லாகப் படிக்க ஆரம்பித்தான்.

“டேய் ஹேமு. ஒரு வருஷமா யாரோ ஒரு ஆபீசருக்கு எழுதிகினு இருந்தேன். நேத்து உனக்கு ஏதாவது எழுதலாம்னு உக்காந்தேன். ஒண்ணுமே வரலடா. பயந்துட்டேன். விசா வந்து நீ இங்க வந்தாலும், ஒரே ரூம்ல ரெண்டு பேரும் மரியாதையா உக்காந்துகினு இருப்போம்னு தோணுது. மறுபடி மனுப் போடாத. நானும் லீவுக்கு வரல. உன் மேல கோவம் இல்ல, சத்தியமா இல்ல. என்னை இனிமே தேடாத. நேரத்துக்குச் சாப்டு.”

கூப்பிட்டான். எடுக்கவில்லை. ராத்திரி வேலை முடித்துத் தூங்குவாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, சாயங்காலம் கூப்பிட்டான். மறுநாள் காலையும் கூப்பிட்டான்.

மதியம் ஒரு மணிக்குத் தனசேகரன் கடைக்குப் போனான். செய்திகளை அச்செடுக்க அவர்தான் வரச் சொல்லியிருந்தார். போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தவர், கடைசிச் செய்தியில் நின்றுவிட்டார். மேலே இருந்த அறிவிப்போடு சேர்த்து இரண்டு தடவை படித்தார். வருத்தமாகத்தான் இருந்தது அவருக்கு. ஆனால் தொழில் யாரை விட்டது?

“தம்பி, தப்பா நெனைக்காத. ஒரு வருஷம் எழுதினீங்களே, அத்தனையும் நாடகம் மாதிரி இருக்குது. எந்த ஆபீசரும் நம்ப மாட்டான். இது ஒண்ணுதான் நெஜமா புருஷன் பொண்டாட்டி பேசிக்கிற மாதிரி இருக்குது. இதைக் காட்டினா, சண்டை போட்டுக்கிறாங்கப்பா, நெஜமான குடும்பம்தான்னு குடுத்தாலும் குடுப்பான். ஜல்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடு, மறைஞ்சிடப் போவுது.”

மணி ஒன்று இருபத்தைந்து. ஹேமநாத் போனை வாங்கிக்கொண்டான். எடுக்கப்போகிறான் என்றுதான் தனசேகரன் நினைத்தார். அவனோ சும்மா பார்த்துக்கொண்டே நின்றான்.

“இது ஆபீசருக்கு எழுதினது இல்லீங்க” என்றான். “எனக்கு எழுதினது.”

“அட, பேஜார் பண்ணாதப்பா. விசா வேணுமா, வாணாமா?”

அவன் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தச் செய்தியை முதலிலிருந்து படித்தான். முடிந்ததும் மறுபடி படித்தான். ஒவ்வொரு தடவையும் ‘டேய்’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றான். ஒன்று நாற்பதுக்கு அது போய்விட்டது. ஒரு வருஷத்து வணக்கங்களும் தாங்களும் தங்களும் மட்டும் அப்படியே இருந்தன.

“போச்சா?” என்றார் தனசேகரன்.

“போச்சுங்க.”

கீழே காலியாக இருந்த இடத்தில் ‘சாப்ட்டேன் பானு’ என்று எழுதி அனுப்பினான். நேற்று மதியத்திலிருந்து அவன் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் வரவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு அதுவும் மறைந்தது.